நூற்றுக்கு ஏழு

கீழ்த்தளத்தில் ஆவண அறை.
வைகையில் தண்ணீர் வருகிற வருஷம்
இந்தச் சுவர்தான் முதலில் வியர்க்கும்.
இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்.
வால்வு மாற்றிக்கொண்டவர்கள் எல்லோரும்,
நடந்து வீடு போனவர்களும் போகாதவர்களும்
ஒரே பழுப்பு அட்டையில்.

மேற்படிப்புக்கு வந்திருக்கும் டாக்டர் பெனாசிர்
கட்டங்கள் போட்டுத் தந்திருக்கிறாள்.
வயது. கிரியாட்டினின். இதயம் தள்ளும் சதவீதம்.
துடிப்பு ஒழுங்கா இல்லையா.
முன்பே ஒருதரம் நெஞ்சைத் திறந்ததுண்டா.
நாள் குறித்தா, அவசரமாகவா.
பம்பில் கிடந்த நிமிஷங்கள்.
கடைசிக் கட்டத்தில் பூஜ்யம், அல்லது ஒன்று.
ஒன்று என்றால் இறப்பு.
"மாத்திப் போட்டுறாதீங்கக்கா" என்றாள் முதல் நாளே.

ஒச்சம்மாள், அறுபத்தெட்டு, எழுமலை.
கால் வீங்கி எட்டு மாதம் கழித்து வந்திருக்கிறாள்.
எட்டு மாதத்துக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் யாரோ பென்சிலில்:
ஆடு விற்ற பிறகு.
ஒன்று.

ஜெய்னம்பு, நெல்பேட்டை, இருபத்தாறு.
பத்து வயதில் காய்ச்சல், முட்டி வலி.
மாதாமாதம் போட வேண்டிய பென்சிலின் ஊசி
எட்டாவதோடு நின்றிருக்கிறது.
பதினாறு வருஷம் கழித்து,
வயிற்றில் ஆறு மாதத்தோடு,
இரவு இரண்டே காலுக்கு 'அவசரம்'.
அந்தப் பக்கத்தை நான் இரண்டு முறை படிக்கவில்லை.

நாகேந்திரன், கப்பலூரில் ஃபிட்டர்.
எண்கள் எல்லாமே சுத்தம்.
பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பியாயிற்று.
சித்திரைத் திருவிழாவில்
ரத்தம் இளக்கும் மாத்திரை தீர்ந்திருக்கிறது.
அழகர் ஆற்றில் இறங்கட்டும், வாங்கிக்கலாம்.
ஆறு நாள். வால்வில் ரத்தக்கட்டி.
இவருக்கு ஒன்று போட
விரல் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது.

மேலூர் வெள்ளைக்கண்ணு மட்டும்
எந்தக் கணக்குக்கும் அடங்கமாட்டார்.
எழுபத்துநாலு வயது, இரண்டாம் ஆபரேஷன்,
கெட்ட கிட்னி, பம்பில் நாலு மணி நேரம்.
பூஜ்யம்.
மாதம் ஒரு செவ்வாய் ரத்தப் பரிசோதனைக்கு வந்து
என் ஜன்னலில் நிற்பார்.
"முருங்கைக்கீரை ஒரு கை அள்ளித் தின்னுட்டேன்மா,
டாக்டரம்மாகிட்ட சொல்லிறாத."
பேசாமல் நின்றால் நெஞ்சுக்குள் அந்த உலோகம்
டிக் டிக் என்று காட்டிக்கொடுக்கும்.

நேற்று மதியம், எல்லோரும் சாப்பிடப் போனதும்
இருநூற்றுப் பதிமூன்றாம் வரிசையைத் திறந்தேன்.
சோணைமுத்து. நாற்பத்தேழு. டவுன் பஸ் கண்டக்டர்.
சதவீதம் நாற்பது. துடிப்பு ஒழுங்கில்லை.
கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஆறு.
சேர்க்கை: வியாழக்கிழமை.
உறவு என்ற கட்டம் இதில் கிடையாது.
இருந்திருந்தால் என் பெயரை எழுதியிருப்பேன்.
ஏழு என்றது கணினி. நூற்றுக்கு.

சொல்லக்கூடாது என்றுதான் வீட்டுக்குப் போனேன்.
இரண்டு தலையணை முதுகுக்கு வைத்து,
சாய்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.
முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார்:
"எம்புட்டுன்னு சொல்லுது உன் கம்ப்யூட்டர்?"
சொன்னேன்.

"மாட்டுத்தாவணில நூறு பேரு ஏறுவான்.
ஏழு பேரு பாலம் ஏறாம
கோரிப்பாளையத்துலயே இறங்கிருவான்.
அம்புட்டுத்தான?"
சிரித்தார். சிரிப்பு பாதியில்
மூச்சுக்கு நின்றது.
கொஞ்ச நேரம் கழித்து,
ஐந்து ரூபாய்க் காசுகளை அடுக்கியபடி,
வேறு குரலில்:
"எந்த ஏழுன்னு
டிக்கெட்டு கிழிக்கறவனுக்கே தெரியாது."

இன்று காலை வந்ததும்
கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் போட்டுப் பார்த்தேன்.
அழகாகத்தான் இருந்தது.
அழித்தேன்.
தெரியாததை ஊகித்து நிரப்பாதீங்க, காலியா விடுங்க
என்று பெனாசிர் சொல்லியிருக்கிறாள்.
கட்டம் வெள்ளையாகக் கிடக்கிறது,
கர்சர் மட்டும் அதில் அணைந்து எரிகிறது.

ஜன்னலுக்கு வெளியே யாரோ வந்து நிற்கிறார்கள்.
இன்று செவ்வாய்.
குரல் வருமுன்
சத்தம் வருகிறது.